தைலமும் தோலும்

வட இந்திய நகரம் ஒன்றின் மருந்துக் கடையில் ‘நீல்கிரி கா தேல்’ என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சிறிதும் தயங்காமல் ஒரு சிறு குப்பியை எடுத்துத் தருவார். இந்தி பேசுவோர் மட்டுமல்லர். மராத்தியரும் குஜராத்தியரும் யூகலிப்டஸ் எண்ணெயை ‘நீலகிரி’ என்றே அழைக்கின்றனர். தமிழ்நாட்டு மலை ஒன்றின் பெயர் இப்படிப் பல மொழிகளில் ஒரு மருந்தின் பெயராக நாள்தோறும் வழங்குகிறது. உங்கள் வகுப்புத் தோழர்களுள் பலருக்கு அது மலையின் பெயர் என்பதே தெரிந்திராது. நீங்கள் சொல்லலாம்.

மரம் மட்டும் நம் மண்ணுக்கு உரியதன்று. அதன் தாயகம் ஆஸ்திரேலியா. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதனை நீலகிரிக்குக் கொண்டுவந்தனர். விறகுத் தேவைக்காகப் பெருந்தோப்புகளாக வளர்த்தனர். பின்னர் அதன் இலையிலிருந்து எண்ணெய் வடிக்கும் தொழில் அங்கே வேரூன்றியது. தமிழில் அதற்குத் தைல மரம் என்ற பெயரும் அமைந்தது. உதகமண்டலத்திற்குச் செல்வோர் தேயிலையும் வர்க்கியும் வாங்குவது போலவே ஒரு குப்பித் தைலமும் வாங்கி வருவர். விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் உங்கள் பெட்டியில், முறுக்குக்கும் கறிவேப்பிலைப் பொடிக்கும் நடுவே, அக்குப்பியும் துணியில் சுற்றப்பட்டு வந்திருக்கக்கூடும்.

அதில் இருப்பது என்ன, அதனைத் தோலில் எவ்வாறு இடலாம், எப்போது இடலாகாது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

எள் + நெய் = எண்ணெய். இப்புணர்ச்சியை முன்னரே படித்திருப்பீர்கள். எள்ளிலிருந்து எடுத்த நெய்யைக் குறித்த சொல், காலப்போக்கில் தேங்காய், கடலை, ஆமணக்கு என எல்லாவற்றின் எண்ணெய்க்கும் பொதுப்பெயர் ஆயிற்று. ‘தைலம்’ என்னும் வடசொல்லின் வரலாறும் இதுவே. வடமொழியில் ‘திலம்’ என்றால் எள். திலத்திலிருந்து வந்தது தைலம். ஆக, எண்ணெயும் தைலமும் எள் என்னும் ஒரே வித்தில் முளைத்த இரு சொற்கள்.

ஆனால் தமிழர் வீடுகளில் தைலம் என்னும் ஒரே சொல் முற்றிலும் வேறான இரு பொருள்களுக்கு வழங்குகிறது. அரக்குத் தைலம், பிண்ட தைலம் போன்றவை ஒரு வகை. மூலிகைச் சாற்றையும் மருந்துச் சரக்கையும் நல்லெண்ணெயில் இட்டுக் காய்ச்சி வடித்தவை அவை. அவற்றின் பெரும்பகுதி நல்லெண்ணெயே. உள்ளங்கை நிறைய எடுத்து உடம்பெங்கும் தேய்த்துக் குளிக்கலாம். நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம் போன்றவை மற்றொரு வகை. இவற்றில் எள்ளும் இல்லை, தேங்காயும் இல்லை. இலை, பூ, பட்டை, பழத்தோல் ஆகியவற்றின் மணப்பகுதி மட்டும் பிரிக்கப்பட்டுக் குப்பியில் அடைக்கப்பட்டுள்ளது. இவற்றைத் துளிக்கணக்கில் மட்டுமே கையாள வேண்டும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் பயன்படுத்தும் முறையும் ஒன்றே என்று எண்ணுவதில்தான் தீங்கு தொடங்குகிறது. அரக்குத் தைலத்தைத் தேய்த்த பழக்கத்தில், அதே கையளவு நீலகிரித் தைலத்தைக் குழந்தையின் மார்பில் தேய்ப்பவர் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆயினும் தோல் அன்பை அளந்து பார்ப்பதில்லை.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் நல்லெண்ணெய் ஒரு துளியும், சற்றுத் தள்ளி நீலகிரித் தைலம் ஒரு துளியும் இடுங்கள். சில மணி நேரம் கழித்துத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்லெண்ணெய் இட்ட இடம் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கறையாக நிற்கும். தைலம் இட்ட இடத்தில் பெரும்பாலும் ஒன்றும் இராது. அது காற்றோடு கலந்துவிட்டது. ஆகவே இவ்வகையை ‘ஆவியாகும் எண்ணெய்’ என்றும் ‘நறுமண எண்ணெய்’ என்றும் வழங்குவது பொருத்தம். துளித்துளியாகப் பயன்படுத்துவதால், இப்பாடத்தில் ‘துளி எண்ணெய்’ என்றும் சில இடங்களில் குறிப்பிடுவேன்.

ஆங்கிலத்தில் இவற்றுக்கு ‘எசென்ஷியல் ஆயில்’ என்று பெயர். இதனை ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று மொழிபெயர்த்து அச்சிட்ட விளம்பரங்களைக் கண்டிருப்பீர்கள். அது பிழை. இங்கே அச்சொல் ‘எசென்ஸ்’, அதாவது சாரம், என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. இன்றியமையாதது என்னும் பொருளில் வரவில்லை. அரிசியும் பருப்பும் அத்தியாவசியம். லாவண்டர் எண்ணெய் இல்லாமலும் ஒருவர் நன்றாக வாழலாம்.

இலையிலிருந்து குப்பிக்கு

நீலகிரியில் தைலம் காய்ச்சும் கொட்டகைகளில் ஒரு பெரிய கொப்பரையில் இலைகளை நிரப்பி, நீர் ஊற்றி, மூடி, அடியில் தீ மூட்டுவர். நீராவி இலைகளினூடே எழும்போது அவற்றின் மணப்பொருளையும் உடன் கொண்டு மேலேறும். அந்த ஆவி குழாய் வழியே சென்று குளிர்ந்த நீரில் மூழ்கிய பகுதியை அடைந்ததும் மீண்டும் நீர்மமாகும். நீர் கீழே தங்க, எண்ணெய் மேலே மிதக்கும். மிதப்பதைப் பிரித்து எடுப்பர். இதற்கு வாலை வடித்தல் என்று பெயர்.

உத்தரப்பிரதேசத்தில் வாழும் மாணவர்கள் இத்தொழிலை அண்மையிலேயே காணலாம். பாராபங்கி மாவட்ட வயல்களில் மே, ஜூன் மாதங்களில் மெந்தால் புதினாவை அறுத்து, வயலோரக் கொப்பரைகளிலேயே வடிக்கின்றனர். உலகிலேயே மிகுதியாகப் புதினா எண்ணெய் விளைவிக்கும் நாடு இந்தியாதான். கன்னோஜ் நகரில் இன்றும் ‘தேக்’ எனப்படும் செப்புக் கொப்பரையில் ரோஜா இதழ்களை இட்டு, மூங்கில் குழாய் வழியே ஆவியைச் செலுத்தி, ‘பப்கா’ என்னும் செப்புக் குடத்தில் சேர்க்கின்றனர். அக்குடத்தில் சந்தன எண்ணெயை முன்னரே ஊற்றி வைப்பது பழைய முறை. ரோஜாவின் மணம் அந்தச் சந்தன எண்ணெயில் கலந்து அத்தர் ஆகிறது. தனி ரோஜா எண்ணெய் வேண்டுமெனில் செலவு மிக அதிகம். ஒரு கிலோ எண்ணெய் பெற ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ்கள் தேவை.

மல்லிகை இந்தக் கொதிநீர் முறைக்கு இடங்கொடுக்காத பூ. நீராவியின் வெப்பத்தில் அதன் மணம் சிதைந்துவிடும். எனவே மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பகுதி மல்லிகையை வேதிக் கரைப்பான்களில் இட்டு அதன் சாரத்தைப் பிரித்து, வெளிநாட்டு நறுமணத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றனர். கூந்தலில் சூடும் பூ, குப்பியில் அடைபட்டுக் கடல் கடக்கிறது.

இந்த எடைக்கணக்கை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு தைல மர இலையைக் கசக்கிக் கையில் தேய்த்தால் தோலில் படும் எண்ணெய் மிகச் சிறிது. கைநிறைய இலைகளில் உள்ளது ஒரு சில துளியில் அடங்கியிருக்கிறது. ‘இலையைத் தொட்டால் ஒன்றும் ஆகவில்லை, எண்ணெய் மட்டும் என்ன செய்துவிடும்?’ என்னும் வாதம் இங்கே செல்லாது.

‘செயற்கைப் பொருள்தான் தீங்கு செய்யும், இயற்கைப் பொருள் தீங்கற்றது’ என்பதும் அவ்வாறே. எருக்கம் பால் இயற்கையானது. கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சேராங்கொட்டை இயற்கையானது, அதன் நெய் பட்ட இடம் கொப்புளமாகும். நம் முன்னோர் இவற்றைச் சுத்தி செய்து, அளவறிந்து, மருந்தாக்கினர்.

தோலுக்குள் நடப்பது

ஒரு பலூனை ஊதிக்கொள்ளுங்கள். நாக்பூர் ஆரஞ்சின் தோலை அதன் அருகே பிடித்து மடித்துப் பிழியுங்கள். தோலிலிருந்து சிதறும் நுண்துளிகள் பட்டதும் பலூன் பெரும்பாலும் படீரென வெடிக்கும். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனின் என்னும் மணப்பொருள் ரப்பரைக் கரைக்க வல்லது என்பதே காரணம். சோதனையின்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அத்துளிகள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

நம் தோல் ரப்பர் அன்று. ஆயினும் அதன் மேலடுக்கின் அமைப்பை ஒரு சுவரோடு ஒப்பிடலாம். தட்டையான இறந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றை இணைக்கும் கொழுப்புப் பொருள் சாந்து. நீர் இச்சுவரை எளிதில் கடப்பதில்லை. துளி எண்ணெயோ கொழுப்பில் கரையும் இயல்புடையது. ஆகையால் சாந்து வழியே உள்ளே நுழைகிறது. ஒரு பகுதி காற்றில் ஆவியாகிவிடும். எஞ்சியதில் சிறுபகுதி குருதியிலும் சேரும். மேலே துணி கட்டினாலும், சூடாக ஒத்தடம் கொடுத்தாலும், தோல் வெடித்தோ புண்பட்டோ இருந்தாலும் உட்செல்லும் அளவு கூடும். எனவே வெட்டுக்காயம், சிரங்கு, கரப்பான் உள்ள இடங்களில் துளி எண்ணெய் இடுதல் கூடாது. பனிக்காலத்தில் வெடித்த கால்களும் உதடுகளும் இதில் அடங்கும்.

புதினா எண்ணெயைத் தடவியதும் ‘சில்’லென்று இருக்கிறதே, தோல் உண்மையில் குளிர்கிறதா? இல்லை. குளிரை உணர்த்தும் நரம்பு முனைகளை மெந்தால் தூண்டிவிடுகிறது; மூளை அதனைக் குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. வெப்பமானியை வைத்தால் பெரிய மாற்றம் காட்டாது. இந்த மயக்கம் தலைவலிக்குச் சற்று இதமளிக்கும். அதே மயக்கம் எரிச்சலின் தொடக்கத்தை மறைத்துவிடவும் கூடும்.

‘எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று பொருள்’ எனப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். துளி எண்ணெயைப் பொறுத்தவரை இதனை நான் ஏற்பதில்லை. எரிச்சல் என்பது தோல் விடுக்கும் எச்சரிக்கை. அது இருவகைப்படும். முதல் வகை, அளவு மிகுதியால் வருவது. எண்ணெயை நீக்கிவிட்டால் தணியும். இரண்டாவது வகை ஒவ்வாமை. இது சற்றுச் சூழ்ச்சியானது. முதன்முறை ஒன்றும் தெரியாது. பத்தாம் முறையும் தெரியாமல் இருக்கலாம். உடல் உள்ளூர அப்பொருளைப் பகையென்று குறித்துக்கொள்ளும். பின்னர் ஒருநாள் சிறு துளி பட்டாலும் அரிப்பும் தடிப்பும் தோன்றும். அப்படித் தோன்றியபின் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அந்த எண்ணெய் மட்டுமன்று, அதே மணப்பொருள் கலந்த சோப்பு, களிம்பு, நறுமணத் தெளிப்பு ஆகியவையும் ஒத்துக்கொள்ளா. ‘இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே’ என்பது எனவே சான்றாகாது.

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டும். முகப்பருவுக்கு ‘டீ ட்ரீ’ எண்ணெயை அப்படியே தொட்டு வைக்கும் வழக்கம் உங்களிடையே பெருகியிருக்கிறது. முதலில், அது தேயிலைச் செடியிலிருந்து வருவதன்று. தைல மரத்தின் உறவான ஓர் ஆஸ்திரேலிய மரத்தின் இலை எண்ணெய். பருவுக்கு அது ஓரளவு உதவுவது உண்மையே. ஆனால் ஆய்வுகளில் பயன்பட்டது சுமார் 5 விழுக்காடு மட்டுமே கலந்த களிம்பு. குப்பியில் இருப்பதோ 100 விழுக்காடு. என் மாணவி ஒருத்தி ஆண்டுவிழாவுக்கு முன்னிரவில் அதனை நேரடியாக முகத்தில் பூசி, மறுநாள் சிவந்து வீங்கிய கன்னத்துடன் வந்து நின்றாள். பரதநாட்டிய ஒப்பனையை அந்த முகத்தில் இட இயலவில்லை. அவள் ஆடவேண்டிய இடத்தில் வேறொருத்தி ஆடினாள்.

கலக்கும் அளவு

ஒரு கரைசலின் அடர்வைக் குறைப்பதைத் தமிழில் ‘நீர்த்தல்’ என்கிறோம். இங்கே அச்சொல் நம்மை ஏமாற்றிவிடும். துளி எண்ணெய் நீரில் கரையாது. குளிர்காலக் காலையில் வாளி வெந்நீரில் நாலு துளி நீலகிரித் தைலம் விட்டுக் குளிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த நாலு துளியும் நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். குவளையில் மொண்டு ஊற்றும்போது கரையாத துளி நேராகத் தோளிலோ கண்ணிமையிலோ விழும். நீர்க்கச் செய்ய வேண்டியது நீரால் அன்று, எண்ணெயால். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய் ஆகிய எதுவும் ஏற்றது. இவற்றைத் தாங்கும் எண்ணெய் என்பர்.

கணக்கு எளிது. 1 மில்லிலிட்டர் என்பது ஏறத்தாழ 20 துளி. ஒரு தேக்கரண்டி 5 மில்லிலிட்டர். அதாவது 100 துளி. ஆகவே ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் ஒரு துளி கலந்தால் அது 1 விழுக்காடு. இரண்டு துளி கலந்தால் 2 விழுக்காடு. உடல்நலமுள்ள பெரியவர்களின் கைகால்களுக்கு 2 விழுக்காடு பொதுவான அளவு. முகத்திற்கு 1 விழுக்காட்டுக்கு மேல் வேண்டா. உங்களைப் போன்ற சிறுவர்க்கும் அரை முதல் 1 விழுக்காடே போதும். அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு ஒரு துளி அல்லது இரண்டு துளி.

இவ்வளவு எல்லா எண்ணெய்க்கும் பொருந்தாது. மசாலாப் பொருள்களின் எண்ணெய்கள் மிகக் கடுமையானவை. நறுமண எண்ணெய்களின் பாதுகாப்பைப் பற்றி ராபர்ட் டிசரண்ட், ராட்னி யங் ஆகிய இருவர் எழுதிய நூல் துறையினரால் பெரிதும் எடுத்தாளப்படுவது. அதில் தோலில் இடுவதற்கான மேல்வரம்பு எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு 0.7 விழுக்காடு, கிராம்பு மொட்டு எண்ணெய்க்கு 0.5 விழுக்காடு, லவங்கப்பட்டை எண்ணெய்க்கு 0.07 விழுக்காடு எனக் குறிக்கப்பட்டுள்ளது. கடைசி எண்ணைத் தேக்கரண்டிக் கணக்கில் மாற்றிப் பாருங்கள். ஒரு துளிக்கு ஏறத்தாழ 14 தேக்கரண்டி எண்ணெய் வேண்டும். அத்தகைய எண்ணெயை வீட்டில் தோலில் இடாமல் இருப்பதே நன்று.

வடமாநிலங்களில் வாழும் நமக்கு இங்கே ஒரு சொற்சிக்கலும் உண்டு. தமிழில் லவங்கம் என்றதும் சிலர் பட்டையை நினைப்பர், சிலர் கிராம்பை நினைப்பர். இந்தியில் ‘லௌங்’ என்பது கிராம்பு மட்டுமே. பட்டைக்குத் ‘தால்சீனி’ என்று பெயர். அம்மா தமிழில் ‘லவங்க எண்ணெய்’ வாங்கி வரச் சொல்ல, நீங்கள் கடையில் இந்தியில் கேட்க, கைக்கு வருவது எது? இரண்டின் அளவு வரம்பும் ஏழு மடங்கு வேறுபடுகிறது. ஆகையால் சீட்டில் அச்சிட்டுள்ள தாவரவியல் பெயரைப் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊதுபத்திக்கும் மெழுகுவத்திக்கும் அறை மணத்திற்கும் விற்கப்படும் செயற்கை மண எண்ணெய்கள் தோலுக்கு உரியவை அல்ல. குப்பி அழகாக இருப்பினும் அவற்றை விலக்குங்கள்.

அளவாகக் கலந்தபின்னும் உடனே பூசிவிடலாகாது. முழங்கையின் உட்புறத்தில் கலவையில் ஒரு துளி தடவி, மேலே சிறு ஒட்டுத்துணி இட்டு, 24 மணி நேரம் நனையாமல் வைத்திருங்கள். எடுத்தபின் மேலும் ஒரு நாள் கவனியுங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு, கொப்புளம் எதுவும் தோன்றினால் அந்த எண்ணெய் உங்களுக்கு உரியதன்று.

கடையில் வாங்கும் தலைவலிக் களிம்புகள் இந்தக் கலக்கும் வேலையை நமக்காக முன்னரே செய்து வைத்தவை. 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனம் பின்னர் சென்னைக்கு வந்து தமிழர் வீடுகளில் நிலைபெற்றது. இத்தகைய களிம்புகளில் மெந்தாலும் கற்பூரமும் பிறவும் ஒரு மென்மையான அடிப்பொருளில் அளந்து கலக்கப்பட்டிருக்கும். சீட்டில் உள்ள அளவையும் வயது வரம்பையும் படித்துப் பின்பற்றினால் போதும்.

குழந்தைகளும் முதியோரும்

இதுவரை சொன்னவை எரிச்சலையும் தடிப்பையும் பற்றியவை. இனிச் சொல்லப்போவது அதைவிடக் கடுமையானது. உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ தவழும் பருவத்தில் இருந்தால் இப்பகுதியை இருமுறை படியுங்கள்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கிக் குழந்தையின் மார்பிலும் முதுகிலும் தடவுவது நம் வீடுகளில் சளிக்குச் செய்யும் கைவைத்தியம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுள் செல்லக்கூடியது. அளவு மீறினால் நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். கைக்குழந்தையின் தோல் மெல்லியது. எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிகுதி. உட்சென்றதை மாற்றி வெளியேற்றும் கல்லீரல் ஆற்றலும் முதிரவில்லை. பெரியவருக்குச் சிறிதாக இருக்கும் அளவு குழந்தைக்குப் பெரிது. கற்பூரமோ மெந்தாலோ நீலகிரித் தைலமோ கலந்த பூச்சு எதையும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இடலாகாது. அவர்களின் மூக்கருகே மெந்தாலைத் தடவினால் மூச்சுக்குழல் இறுகி, மூச்சே தடைப்படலாம். பெரியவர்களுக்கும் இதில் முழு விலக்கு இல்லை. கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த பொருள்களைப் பயன்படுத்தியபின் வலிப்புக்கு உள்ளானவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியுள்ளனர். வலிப்பு நோய் உள்ளவர் வீட்டில் இருப்பின் கூடுதல் விழிப்பு வேண்டும்.

பாட்டியிடம் இதனை எப்படிச் சொல்வது? அவர் உங்கள் தந்தையை அப்படித்தான் வளர்த்தார். ‘அது தப்பு’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னால் மனம் நோவார், தம்பிக்கும் பயனில்லை. “அப்பத்தா, தம்பிக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகல. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் தடவலாமா?” என்று கேளுங்கள். மருத்துவரைக் கேட்பதற்குள் அன்று தடவுவதாவது நிற்கும்.

முதியோருக்கு வேறொரு குப்பியால் இடர் வரும். நீலகிரிக் கடைகளில் மூட்டுவலிக்கென்று விண்டர்கிரீன் தைலமும் விற்கின்றனர். அதன் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரின் மாத்திரையின் உறவுப்பொருள். இதய நோய்க்காகக் குருதி உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை உண்ணும் தாத்தா, இத்தைலத்தைத் தினமும் முழங்காலில் தேய்த்தால் மருந்தின் விளைவு மிகுந்து உட்கசிவு ஏற்படலாம். அதைவிட அஞ்சத்தக்கது, சிறுவர் அதனை விழுங்குதல். ஒரு தேக்கரண்டி விண்டர்கிரீன் தைலம் 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஒப்பாகும். ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும். எல்லாத் துளி எண்ணெய்களையும் பூட்டிய அலமாரியில் வையுங்கள். கண் மருந்து, காது மருந்து, இருமல் மருந்து ஆகியவற்றின் அருகே வைக்கலாகாது. குப்பிகள் ஒன்றுபோலவே தோன்றும். மின்சாரம் போன இரவில் கை எதை எடுக்கும் என்று சொல்ல இயலாது.

வெயிலும் பழமையும்

எலுமிச்சை இனத் தோல்களைப் பிழிந்தெடுத்த எண்ணெய்கள் சிலவற்றில் ஒளியோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. பூசியபின் வெயிலில் சென்றால் அவ்விடம் சிவந்து, கொப்புளித்து, கருந்தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். ஜெய்ப்பூரிலும் நாக்பூரிலும் மே மாத வெயில் எத்தகையது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கையில் எலுமிச்சைச் சாறு வழிய வெயிலில் நின்று சர்பத்துப் பிழிபவர்க்கும் இத்தழும்பு வருவதுண்டு. இத்தகைய எண்ணெயை இட்ட தோலை அன்று முழுதும் வெயில் படாமல் மூடி வையுங்கள்.

பழைய எண்ணெயும் தோலுக்கு ஆகாது. காற்றும் ஒளியும் வெப்பமும் பட்டால் லிமோனின், லினலூல் முதலிய மணப்பொருள்கள் உயிர்வளியோடு கூடி ஒவ்வாமையைத் தூண்டும் வேறு பொருள்களாக மாறுகின்றன. ஆரஞ்சு, எலுமிச்சை, டீ ட்ரீ, லாவண்டர் எண்ணெய்கள் இவ்வாறு விரைவில் கெடும். அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில், இறுக மூடி, குளிர்ந்த இருண்ட இடத்தில் வைப்பது இதற்காகவே. திறந்த நாளைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். மணம் மாறியதையும், மூன்று கோடை கண்ட குப்பியையும் தோலுக்குப் பயன்படுத்தாதீர்கள். ‘ஊரிலிருந்து வந்தது, வீணாக்கலாமா?’ என்று தோன்றும். ஊரிலிருந்து புதிதாக வேறொன்று வரும்.

எரிச்சல் வந்துவிட்டால்

உடனே தண்ணீரை ஊற்றுவதே எல்லாருக்கும் தோன்றும். எண்ணெய் நீரில் கரையாது என்பதை நினைவுகூருங்கள். நீர் அதனை மேலும் பரப்பிவிடும். முதலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவித் துணியால் துடைத்தெடுங்கள். பின்னர் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் காத்திராமல், தூய ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது.

யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் கேடு பெரிதாகும். பெரியவர்களை அழையுங்கள், யாரும் இல்லையெனில் 112 என்னும் அவசர எண்ணை அழைத்து, என்ன எண்ணெய், எவ்வளவு, எப்போது என்று சொல்லுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் சீட்டு மருத்துவருக்குப் பாதி விடையைத் தந்துவிடும்.

பயிற்சி

1. ‘எண்ணெய்’, ‘தைலம்’ ஆகிய சொற்களின் பிறப்பை விளக்குக.
2. அரக்குத் தைலத்திற்கும் நீலகிரித் தைலத்திற்கும் உள்ள வேறுபாடுகளைச் சொந்த நடையில் எழுதுக.
3. மூன்று தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் 1 விழுக்காடு அடர்வு பெற எத்தனை துளி கலக்க வேண்டும்? வழியுடன் எழுதுக.
4. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் நீலகிரித் தைலம், கிராம்பு, பட்டை ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து தமிழ் எழுத்தில் எழுதுக.
5. உங்கள் வீட்டிலுள்ள தைலக் குப்பி ஒன்றின் சீட்டைப் பெரியவர் துணையுடன் படித்து, அதில் உள்ள தாவரவியல் பெயர், காலாவதி நாள், வயது வரம்பு ஆகியவற்றைக் குறிக்க. இவற்றுள் எது அச்சிடப்படவில்லை?
6. கைக்குழந்தைக்குக் கற்பூர எண்ணெய் தடவ வேண்டா என்று ஊரில் உள்ள பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதுக. அவர் மனம் நோகாத வகையில் அமைக.